மூன்று கை நீர்

செவிலிமேட்டைக் கடந்து பாலாற்றுப் பாலம் ஏறும் வந்தவாசிச் சாலையில் நாள்தோறும் போய்வருவோருள் பலர், அவ்வூரை ஒட்டி ஒரு பழங்கிணறு இருப்பதையும், அதன் கரையில் இராமானுசருக்கு ஒரு சன்னிதி இருப்பதையும் அறியாமலே சென்றுவிடுகின்றனர். சாலைக் கிணறு என்பது அதன் பெயர். 1017ஆம் ஆண்டில் பிறந்த அந்த ஆசாரியர், இளமையில் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்ட காலத்தில் காசி யாத்திரைக்கு அழைத்துச் செல்லப்பட்டார் என்றும், வழியில் தம் உயிருக்குச் சூழ்ச்சி நடப்பதைச் சிற்றன்னை மகன் கோவிந்தர் வாயிலாக அறிந்து விந்தியக் காட்டில் தனியே பிரிந்தார் என்றும் வைணவ மரபு சொல்கிறது. திசை தெரியாமல் தளர்ந்து நின்றவருக்கு ஒரு வேடனும் அவன் மனைவியும் வழித்துணை ஆயினர். இரவில் தங்கிய இடத்தில் அப்பெண் தாகம் என்றாள். விடிந்ததும் அருகிருந்த கிணற்றில் இறங்கி மூன்று முறை இரு கையாலும் நீர் ஏந்தி வந்து கொடுத்தார் இராமானுசர். நான்காம் முறை ஏந்திக்கொண்டு மேலேறியபோது இருவரையும் காணவில்லை. எதிரே காஞ்சி தெரிந்தது. வேடனாய் வந்தவர் காஞ்சிப் பெருமாள் வரதர், உடன் வந்தவள் பெருந்தேவித் தாயார் என்று தெளிந்த அவர், அதன்பின் அதே கிணற்றிலிருந்து நாளும் ஒரு குடம் நீர் சுமந்துசென்று வரதரின் திருமஞ்சனத்துக்குக் கொடுத்துவந்தார். இன்றும் ஆண்டுக்கு ஒருமுறை வரதர் அந்தக் கிணற்றங்கரைக்கு எழுந்தருளுகிறார்.

சிறுவயது முதல் பலமுறை கேட்ட இந்த வரலாறு, மின்னால் ஓடும் மகிழுந்து ஒன்றை வாங்கி நெடுந்தொலைவு போய்வரத் தொடங்கிய பிறகு எனக்கு வேறொரு பொருளும் தந்தது. என் மகள் திருச்சியில் இருக்கிறாள். செவிலிமேட்டிலிருந்து பாலாற்றைத் தாண்டி, பல்லவர் குடைந்த மாமண்டூர்க் குகைகளையும் பெரிய ஏரியையும் வலப்புறம் விட்டு, வந்தவாசி, திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை, பெரம்பலூர் என்று செல்லும் அந்த வழி ஏறக்குறைய 280 கிலோமீட்டர். என் வண்டி ஒரு முழு மின்னேற்றத்தில் 210 கிலோமீட்டர் ஓடும். ஆகவே இடையில் ஓரிடத்தில் நின்றாக வேண்டும். சார்ஜ் போடுவது என்று எல்லோரும் சொல்லும் அந்தச் சிறு செயல், ஒரு வழிப்போக்கனையும் இன்னொரு வழிப்போக்கனையும் ஒரே கிணற்றுக்கரையில் கொண்டுவந்து நிறுத்துகிறது. முன்பின் அறியாதவர்களோடு ஒரு பொருளைப் பகிர்ந்து கொள்ளும்போது நாம் எப்படிப்பட்டவர் என்பது அங்கே வெளிப்பட்டுவிடுகிறது.

ஒரு சித்திரை மாத நண்பகலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். உளுந்தூர்ப்பேட்டைக்குச் சற்று முன்னே, ஓர் உணவகத்தின் பக்கத்தில் இருந்த மின்னேற்று நிலையத்தில் 30 விழுக்காட்டோடு போய் நின்றேன். இரண்டு இணைப்புகளில் ஒன்று பழுது. மற்றதைப் பொருத்திவிட்டு உண்ணப் போனேன். நாற்பது நிமிடத்தில் கைப்பேசி 80 விழுக்காடு என்று காட்டியது. திருச்சி அங்கிருந்து ஏறக்குறைய 135 கிலோமீட்டர். என் வண்டிக்கு 80 விழுக்காடு என்பது 170 கிலோமீட்டர். போதுமானதற்கு மேலும் இருந்தது. ஆயினும், நிறைந்தால் என்ன குறை என்று எண்ணி இலையின் முன் சாவகாசமாக இருந்துவிட்டேன். வெளியே வந்தபோது இன்னொரு வண்டி வந்து நின்றிருந்தது. ஓர் இளைஞர், அவர் மனைவி, பின்னிருக்கையில் ஒரு மூதாட்டி. மின்கலத்தை மிச்சப்படுத்தக் குளிரூட்டியை நிறுத்தியிருந்தார்கள். கதவைத் திறந்துவைத்து, மடித்த செய்தித்தாளால் அந்த அம்மையார் விசிறிக்கொண்டிருந்தார். அவர்களிடம் எஞ்சியிருந்தது 6 விழுக்காடு.

“சார், இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?” என்று இளைஞர் கேட்டார்.

“கொஞ்ச நேரந்தாங்க தம்பி” என்றேன்.

அந்தக் கொஞ்ச நேரம் முப்பத்தைந்து நிமிடம். 100 என்ற எண்ணைப் பார்த்த பிறகே இணைப்பைக் கழற்றினேன். வண்டியை எடுக்கும்போது அந்த மூதாட்டி, “நல்லபடியா போயிட்டு வாங்கப்பா” என்றார். அதில் மனத்தாங்கல் ஏதும் இல்லை. வழியில் காண்பவரை வாழ்த்தி அனுப்பும் பழைய வழக்கத்தில் வந்த சொல். பெரம்பலூர் வரை அந்தச் சொல்லோடுதான் ஓட்டினேன். திருச்சியில் மகள் வீட்டு வாசலில் நின்றபோது வண்டியில் 36 விழுக்காடு மிச்சம். இரவு முழுவதும் அங்கே மின்னேற்றம் செய்ய வசதியும் இருந்தது. அந்த இருபது விழுக்காட்டில் ஒரு துளிகூட எனக்குப் பயன்படவில்லை. வெயிலில் ஒரு முதியவருக்கு முப்பத்தைந்து நிமிடத்தை மட்டும் அது செலவாக்கியது.

இதிலுள்ள நேரக் கணக்கை விளங்கிக்கொள்ள மின்கலத்தின் இயல்பை அறிந்திருக்க வேண்டும். குடத்தில் நீர் நிரப்புகிறவர்கள், வயிறு நிறையும்வரை வேகமாக ஊற்றி, கழுத்து நெருங்கியதும் கையைத் தளர்த்திக் கொள்வார்கள், இல்லையேல் சிந்தும். லித்தியம் மின்கலமும் அதே இயல்பினது. மின்னேற்றத்தின்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளின் இடையே புகுந்து இடம் பிடிக்கின்றன. இடம் நிறைய இருக்கும்வரை விரைவாகப் புகும். நிறையும் தறுவாயில் வலிந்து திணித்தால், உள்ளே போக வழியின்றி லித்தியம் உலோகமாகவே மேற்பரப்பில் படிந்து, கலத்தின் ஆயுளைக் குறைக்கும், தீங்கும் விளைவிக்கும். ஆகவே 80 விழுக்காட்டை ஒட்டி, வண்டியே மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைத்துக் கொள்கிறது. 30 முதல் 80 வரை ஏறுவதற்கு ஆகும் நேரத்துக்குச் சற்றே குறைவான நேரத்தைக் கடைசி இருபது மட்டும் விழுங்குவது இதனால்தான். எனக்கு மிகக் குறைந்த பயன் தரும் பகுதியே, எனக்குப் பின்னால் நிற்பவருக்கு மிகப் பெரிய இழப்பாக அமைகிறது. பேராசைக்கு இயற்கையே இப்படி ஒரு விலைச்சீட்டு எழுதி ஒட்டியிருப்பதை வேறு எந்தப் பொருளிலும் நான் இவ்வளவு துலக்கமாகக் கண்டதில்லை.

பெட்ரோல் காலத்தில் இந்தச் சோதனை நமக்கு வரவில்லை. ஐந்து நிமிடத்தில் கலன் நிறைந்துவிடும். முழுவதும் நிரப்புகிறவனுக்கும் அரைவாசி நிரப்புகிறவனுக்கும் இடையே ஒரு நிமிட வேறுபாடுதான். பணம் கொடுத்தால் பொருள். அத்தோடு உறவு முடிந்தது. ஆனால் அந்த எளிமையும் தொடக்கத்தில் இருந்ததன்று. 1888ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் பெர்த்தா பென்ஸ் என்னும் அம்மையார், கணவர் கண்டுபிடித்த மூன்று சக்கர வண்டியில் தம் இரு மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்சைம் வரை ஏறக்குறைய 100 கிலோமீட்டர் சென்றார். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக்கடையில், துணிக்கறை நீக்குவதற்கு விற்கும் லிக்ராயின் என்ற நீர்மத்தை வாங்கி ஊற்றிக்கொண்டார். உலகின் முதல் நெடுந்தூர மகிழுந்துப் பயணமும் வழியிலிருந்த ஒருவரின் கையிருப்பை நம்பித்தான் நடந்தது. மின்வண்டி நம்மை மறுபடியும் அந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறது. அதைப் பின்னடைவு என்று நான் கருதவில்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் தறிக்காரர்களுக்குக் காத்திருத்தலின் பொருள் நன்கு தெரியும். காஞ்சிப் பட்டில் உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமும் வைத்துக் கோர்வையாக நெய்யும்போது, ஒருவர் கை போதாது. தறியில் உட்கார்ந்தவர் உடலுக்கான நாடாவை எறிவார். பக்கத்தில் உட்கார்ந்த மனைவியோ மகனோ கரைக்கான நாடாவை வாங்கி எறிவார். இரண்டு இழையும் ஒன்றையொன்று பற்றிக்கொண்ட பிறகே பலகை வந்து அடிக்கும். ஒவ்வோர் இழைக்கும் ஒருவர் மற்றவருக்காக நிற்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் கை ஒரு நொடி அயர்ந்தால், தறியில் இருப்பவர் எவ்வளவு கைதேர்ந்தவராயினும் ஓர் இழைகூட முன்னே போக முடியாது. என் நேரம் உன் கையில், உன் நேரம் என் கையில் என்று ஒப்புக்கொண்டு உட்கார்ந்தால்தான் கரை உடலோடு சேரும். சுவரின் மறுபக்கம் எழும் அந்த ஓசையைக் கேட்டே வளர்ந்த நான், ஒரே மின்னிணைப்பின் முன்னால் நின்றபோது அதை மறந்துபோனேன்.

நம் முன்னோர் வழிப்போக்கனை எப்படி மதித்தார்கள் என்பதற்குச் சாலையோரங்களே சான்று. இரண்டு கற்களை நட்டு அவற்றின் மேல் ஒன்றைக் கிடத்திய சுமைதாங்கிகள் இன்னும் சில ஊர்களில் நிற்கின்றன. பேறுகாலத்தில் உயிர்நீத்த பெண்ணின் நினைவாக அவற்றை நிறுவும் வழக்கம் இருந்தது. இறக்கிவைக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, எவர் எவரோ தம் சுமையை இறக்கிவைத்து இளைப்பாற ஒரு கல். பிறர் துணையின்றித் தலைச்சுமையை மாற்றிக்கொள்ளும் உயரத்தில் அது அமைந்திருக்கும். பின்னால் ஒருவன் சுமையோடு வருவது தெரிந்தால், முன்னே வந்தவன் தன் மூட்டையை ஏற்றிக்கொண்டு நகர்ந்துவிடுவான் என்று என் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். கல்லில் அப்படி எதுவும் எழுதியிருக்காது.

1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் சாலையும் சத்திரமும் அமைத்ததைத் தென்பாண்டி நாடு இன்றும் பேசுகிறது. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி 1802இல் ஒரத்தநாட்டில் கட்டிய முத்தாம்பாள் சத்திரம் வழிப்போக்கர்க்குச் சோறிட்டது. இவற்றைவிட என் நெஞ்சில் நிற்பவை சோழர் காலத்துத் தண்ணீர்ப்பந்தல் அறங்கள். பந்தல் போட்டோம், பெயர் பொறித்தோம் என்று அக்காலத்துக் கொடையாளர்கள் நின்றுவிடவில்லை. நீர் இறைத்துக் கொண்டுவருபவருக்கு ஒரு பங்கு, நின்று ஊற்றிக் கொடுப்பவருக்கு ஒரு பங்கு, மண்கலம் தரும் குயவருக்கு ஒரு பங்கு என்று தனித்தனியே ஒதுக்கி, கல்லில் வெட்டிவைத்தவர்கள் அவர்கள். நிறுவியவர் இறந்த பின்னும், ஒரு கோடையின் நண்பகலில், பெயர் தெரியாத ஒருவனின் கையில் நீர் விழுந்தாக வேண்டும் என்பதே அவர்களின் கவலையாக இருந்தது.

இக்காலத்துப் பந்தல்காரர்களுக்கும் இந்தக் கவலை வேண்டும். மின்னேற்று நிலையம் அமைக்கத் தனி உரிமம் வேண்டியதில்லை என்று 2018இல் ஒன்றிய மின் அமைச்சகம் தெளிவுபடுத்தியது. அதே ஆண்டு திசம்பர் மாதத்தில் வெளியிட்ட நெறிமுறையில், நகரங்களில் 3 கிலோமீட்டருக்கு 3 கிலோமீட்டர் என்ற ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்று, நெடுஞ்சாலைகளில் சாலையின் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒன்று என்று இலக்கு வகுத்தது. 2022இல் பாரத் பெட்ரோலியம் நிறுவனம் சென்னை, திருச்சி, மதுரை நெடுஞ்சாலையிலுள்ள தன் எரிபொருள் நிலையங்களில் விரைவு மின்னேற்றிகளை வைத்தது. தமிழ்நாட்டு அரசும் 2019இலும் 2023இலும் மின்வண்டிக் கொள்கைகளை வெளியிட்டது. நல்ல தொடக்கங்கள் இவை. ஆனால் நெடுஞ்சாலையில் போய்வருகிறவர்கள் எல்லோரும் அறிந்த ஒன்றுண்டு: வரைபடத்தில் பச்சையாகத் தெரியும் நிலையம், நேரில் போய் நின்றால் திரை இருண்டு கிடக்கும். சில இடங்களில் இயந்திரம் ஓடும், தொடர்பு கிடைக்காது. சில இடங்களில் மின்னேற்றிக்கு முன்னால் வேறு வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். கிணறு வெட்டியவர் இருக்கிறார். நீர் ஊற்றித் தருபவருக்கு யாரும் பங்கு ஒதுக்கவில்லை. 5 விழுக்காட்டோடு நள்ளிரவில் குழந்தையுடன் வந்து நிற்கும் குடும்பத்துக்கு, இயங்காத நிலையம் வெறும் ஏமாற்றமன்று. நிலையமே இல்லை என்று தெரிந்திருந்தால் அவர்கள் முந்திய ஊரிலேயே நின்றிருப்பார்கள். நம்பி வந்தவனைக் கைவிடுவது, உதவாமல் இருப்பதைவிடப் பெரிய குற்றம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இத்தனை குறைகளுக்கு நடுவிலும் சாலையில் மனிதர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு செயலி. அதில் முன்கூட்டியே பணம் போட்டுவைக்க வேண்டும். ஒருமுறை விக்கிரவாண்டிப் பக்கம், என் கைப்பேசியில் அந்தச் செயலி பதிவாகாமல் நெடுநேரம் திணறிக்கொண்டிருந்தேன். அருகே லாரியை நிறுத்தித் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒருவர் இரவுக் காவலாளியை எழுப்பி அழைத்துவந்தார். காவலாளி அங்கே நின்றிருந்த கல்லூரி மாணவர் ஒருவரிடம், “தம்பி, உன் போன்ல இருந்து போட்டு விடேன், பெரியவர் காசு குடுத்துருவாரு” என்றார். மாணவர் தம் கணக்கிலிருந்து தொடங்கிவைத்தார். நான் எண்ணிக் கொடுத்த நோட்டுகளில் மீதிச் சில்லறைக்காகப் பக்கத்துக் கடைக்கு ஓடி, பதினாறு ரூபாயைக் கொண்டுவந்து என் கையில் வைத்த பிறகே கிளம்பினார். அவர் எந்த ஊர் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

தரும சாத்திரங்கள் பெரிய துறவுகளைப் பேசும். பெரும்பாலோர் வாழ்வில் அத்தகைய தருணம் ஒன்றுகூட வராமல் போகலாம். நமக்கு வாய்ப்பவை நாற்பது நிமிடம், இருபது விழுக்காடு, பதினாறு ரூபாய் போன்றவையே. இவற்றைச் சிறியவை என்று தள்ளுகிறவர்கள் தறியைப் பார்க்க வேண்டும். ஊடையில் ஒரு பிழை நேர்ந்தால் நெய்பவர் இரண்டு விரற்கடை பிரித்தெடுத்து மறுபடி நெய்துவிடுவார். பாவு பிணைக்கும்போது ஓர் இழை இடம் மாறிவிட்டால், அந்தப் பாவில் இறங்கும் சேலை முழுவதும், தலைப்பு வரைக்கும், அந்தக் கோடு ஓடிக்கொண்டே இருக்கும். என்றோ ஒருநாள் செய்த தவறு ஊடைப் பிழை. பிறர் காத்திருக்கையில் என் வசதி முதலில் என்று பழகிக்கொண்ட மனம் பாவுப் பிழை. முப்பது வயதில் மின்னிணைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள், ஐம்பதில் தெருக்குழாயையும், அறுபதில் மருத்துவமனை வரிசையையும், எழுபதில் தம் பிள்ளைகளின் நாட்களையும் அவ்வாறே பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களை யாரும் வெறுப்பதில்லை; வருகிறார்கள் என்றால் மற்றவர்கள் மெல்ல விலகிக்கொள்வார்கள். முதுமையில் அந்த விலகலின் காரணம் அவர்களுக்கே விளங்குவதில்லை.

இன்னொன்றும் நடக்கிறது. பின்னிருக்கையில் குழந்தைகள் இருக்கிறார்கள். மின்னேற்றம் ஆகும் நாற்பது நிமிடத்தில் அவர்களுக்கு வேறு வேலை இல்லை, பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தரையில் கிடந்த கம்பியைத் தந்தை எடுத்து மாட்டினாரா, பழுதான கருவியைப் பற்றி ஒரு சொல் எழுதித் தெரிவித்தாரா, காத்திருந்தவரிடம் எத்தனை நிமிடம் ஆகும் என்பதை உள்ளபடி சொன்னாரா என்பதையெல்லாம் அவர்கள் மனத்தில் வாங்கிக்கொள்கிறார்கள். “கொஞ்ச நேரந்தாங்க தம்பி” என்று நான் சொன்னபோது என் பேரன் என் அருகில் நின்றிருந்தான். முழுதாய் முப்பத்தைந்து நிமிடம் ஆனதும் அவனுக்குத் தெரியும்.

கிணற்றின் வரலாற்றில் நான் மறுபடி மறுபடி நிற்கும் இடம் இதுதான். வழி தெரியாமல் திகைத்தவர் இராமானுசர். வழித்துணை பெற்றவர் அவர். பெற்றவரிடமே அந்தத் தாய் நீர் கேட்டாள். துணை பெற்றவர் தம்மிடம் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. குடமோ கயிறோ இல்லாத இடத்தில் இரண்டு கைகள் இருந்தன. மூன்று கை நீர் கொடுத்தவர், அதன்பின் குடம் சுமப்பவராகவே ஆனார். ஒருநாள் உதவி பெற்ற இடத்துக்கு நாளும் திரும்பி வந்து, அங்கிருந்து பிறர்க்குச் சுமந்து செல்வது என்று தம் நாட்களை அமைத்துக்கொண்டார். விக்கிரவாண்டியில் எனக்காகத் தம் கணக்கைத் திறந்த அந்த மாணவருக்கு நான் பட்ட கடனை அவரிடம் அடைக்க வழியில்லை. உளுந்தூர்ப்பேட்டையில் விசிறிக்கொண்டிருந்த அம்மையாரிடமும் இல்லை. அடுத்து வருகிறவரிடம்தான் அடைக்க முடியும்.

அண்மையில் திருச்சியிலிருந்து திரும்பும்போது அதே உணவகத்தின் பக்கத்தில் நின்றேன். பழுதான இணைப்பு இன்னும் பழுதாகவே இருந்தது. அதன் படத்தை எடுத்து மறுபடியும் எழுதி அனுப்பினேன். காப்பி பாதி குடித்திருக்கையில் வெளியே ஒரு வண்டி வந்து நின்றது; ஓட்டி வந்தவர் இறங்கித் திரையைக் குனிந்து பார்த்தார். என் கைப்பேசியில் 78. செவிலிமேட்டுக்கு ஏறக்குறைய 145 கிலோமீட்டர். மனத்தில் ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்துவிட்டு எழுந்தேன். இணைப்பைக் கழற்றி, முனையில் படிந்திருந்த தூசியைத் துண்டால் துடைத்து அவர் கையிலேயே கொடுத்தேன்.

“முடிஞ்சிருச்சா சார்? இன்னும் ஏறிட்டிருந்துச்சே?”

“எனக்கு ஊருக்குப் போக இது போதும் தம்பி. நீங்க போடுங்க.”

திண்டிவனம் தாண்டியதும் குளிரூட்டியைக் குறைத்துக்கொண்டு, மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் ஓட்டினேன். வந்தவாசியில் 30. மாமண்டூர் ஏரிக்கரையில் 14. இருட்டிவிட்டிருந்தது. பாலாற்றுப் பாலம் ஏறும்போது 11 விழுக்காடு இருந்தது. அக்கரையில் செவிலிமேட்டு விளக்குகள் தெரிந்தன.